மேலேயிருந்து பார்க்கக் கூடாது

தூக்கியதும் பறவை ஆடியது. ஆடத்தானே செய்யும், அதை அப்படித்தானே செய்து வைத்திருக்கிறார்கள் என்று உலகம்மை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இறக்கை இரண்டும் தனித்தனித் தகடு, வாலுக்குள் மெல்லிய கம்பிச் சுருள், தூக்குகிறவர்கள் குலுக்கக் குலுக்க அது உயிருள்ள பறவையாகத் துடிக்க வேண்டும், துடிக்காவிட்டால்தான் குறை. இதையெல்லாம் பேட்டைச் சங்கத் தலைவர் மொரியாமா சான் ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அவர் சொன்னதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, கோயில் முற்றத்தில் அத்தனை பேரும் ஒரே மூச்சில் "வாஷோய்" என்று கத்தி மிகோஷியைத் தோளில் ஏற்றிய நொடியில், கறுப்பு அரக்குக் கூரையின் உச்சியில் அந்தத் தங்கப் பறவை முன்பக்கம் தலையைக் குனிந்து நிமிர்ந்தது. உலகம்மை அண்ணாந்தபடி நின்றுவிட்டாள். ஆணி. ஆணியைப் போட்டேனா? போட்டிருப்பேன் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அடுத்தது வந்து நின்றது, போட்டேன் என்று ஏன் தெளிவாக வரமாட்டேன் என்கிறது? கடவுளே, இன்றைக்குமா, இங்கேயுமா என்று அலுத்துக்கொண்டு, பார்லித் தேநீர்க் கூஜாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஊர்வலத்தோடு நடக்கத் தொடங்கினாள்.

நம் பக்கத்தில் சாமி தெருவுக்கு வரச் சப்பரம் என்றால், டோக்கியோவின் கிழக்கோரத்தில் இருக்கும் இந்தப் பேட்டையில் மிகோஷி. ஒரு கோயிலையே சுருக்கி, நீள நீளமான மரக்கம்புகளின் மேல் வைத்துக் கட்டியிருப்பார்கள். நாலு பக்கமும் நாலு குட்டி வாசல், சுற்றிலும் முழங்கையளவு சிவப்பு வேலி, சுவரில் உள்ளங்கைக் கண்ணாடிகள், இறவாரத்தில் மணிகள். கூரையின் நாலு மூலையும் கீரைக் கொழுந்து போலச் சுருண்டு மேலே எழும்பி நிற்கும். அந்தச் சுருளிலிருந்து கை பருமனான ஊதாப் பட்டுக் கயிறுகளை இறக்கிக் கம்புகளில் கட்ட வேண்டும், தளர்ந்தாலும் அழகில்லை, இறுகினாலும் அழகில்லை. எல்லாவற்றுக்கும் உச்சியில் அந்தப் பறவை. மயிலுக்கும் சேவலுக்கும் பிறந்தது என்று அதைப் பார்த்த முதல் நாளே அவள் புருஷன் சிவசைலம் பெயர் வைத்துவிட்டான். பறவை ஒரு இட்லிக் கொப்பரைக் கனம் கனக்கும். அதன் காலுக்கடியில் இருக்கும் முளையைக் கூரை உச்சியிலுள்ள குழியில் இறக்கி, பின்பக்கமாகக் குறுக்கே ஒரு பித்தளை ஆணியைச் செருகினால் பிறகு யார் குலுக்கினாலும் அசையாது. செருகாவிட்டால்? செருகாவிட்டால் முளை மட்டும் எத்தனை நேரம் பிடிக்கும்? கோயில் முற்றம் சமதளம், அங்கே பிடித்தது. முற்றத்தைத் தாண்டிக் கடைத்தெரு, கடைத்தெரு கடந்தால் கால்வாய்ப் பாலத்தின் ஏற்றம், ஏற்றத்தில் முன்கம்பு உயரும், இறக்கத்தில் தாழும், பறவை முன்பக்கம்தான் சாயும், முன்கம்பில் வலது ஓரத்தில் சிவசைலம் நிற்கிறான். நெற்றியில் துண்டை முறுக்கிக் கட்டியிருக்கிறான். துண்டுக்கு மேலே கொஞ்ச நாளாக மயிர் குறைந்து வெயிலில் மின்னுகிற அந்த மண்டை. அவள் வேறு பக்கம் பார்த்தாள். கடைத்தெருவில் ஒருவர் வாளித் தண்ணீரை வாரித் தூக்குகிறவர்கள் மேல் இறைத்தார், எல்லோரும் சிரித்தார்கள்.

நேற்றைக் காலையை ஒழுங்காக நினைத்துப் பார்ப்போம் என்று தொடங்கினாள். முதலில் பறவை, அடுத்து ஆணி, பிறகு கயிறு, கடைசியில் பறவையின் அலகில் புது நெற்கதிர். இதுதான் வரிசை. வரிசையாகச் செய்திருந்தால் இந்த வம்பே இல்லை, கயிறு கட்டியது ஞாபகம் இருக்கிறது என்றால் ஆணி போட்டாயிற்று என்று அர்த்தம், ஆளை விடு என்று தேநீர் ஊற்றிக்கொண்டு போகலாம். ஆனால் நேற்று காலையில் சியேகோ சான், பக்கத்து வீட்டுக்காரி, ஈரத் துணியில் சுற்றிய கதிர்க்கட்டோடு வந்து நின்றாள். பச்சை போகாத கதிர், மணி முற்றி மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு வெறும் வாயோடு ஒரு பறவையைச் சாமி தலையில் ஏற்ற உலகம்மைக்கு மனம் வரவில்லை. முதலில் அலங்காரம், பிறகுதானே ஏற்றுவது? எந்த ஊர்ச் சாமியானால் என்ன? மேசை மேல் வைத்தே கதிரை அலகில் வைத்து, பூக் கட்டுகிற மாதிரி விரலில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். சியேகோ சான் வாயில் கை வைத்து "அடேயப்பா, என்ன வேகம்" என்று வியந்தாள், உலகம்மைக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. பிறகு பறவையை அணைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். முளையைக் குழியில் இறக்கினாள், இறங்கிய சத்தம்கூடக் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு கதிர் ஒன்று மடங்கியிருக்கிறதே என்று அதை நீவினாள். யாரோ தேநீர் குடிக்கக் கூப்பிட்டார்கள். இறங்கினாள். குடித்தாள். மறுபடி ஏறிக் கயிறு கட்டினாள். நீவியதற்கும் தேநீருக்கும் நடுவே ஆணி இருக்கிறதா இல்லையா? விரல்நுனியில் பித்தளையின் குளிர்ச்சி இருக்கிறது, சத்தியமாக இருக்கிறது. ஆனால் அது நேற்றைய குளிர்ச்சியா, முந்தின நாள் மொரியாமா சான் பழக்குவதற்காகப் போட வைத்து, எடுக்க வைத்து, மறுபடி போட வைத்தாரே, அந்தக் குளிர்ச்சியா? பழகியது பெரிய தப்பாகப் போயிற்று. பழகாமல் ஒரே ஒரு தடவை போட்டிருந்தால் அந்த ஒரு தடவை தனியாகத் தெரியும்.

போய் ஏணி போட்டுப் பார்த்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நேற்று மாலை பூசாரி வந்து, விளக்குகளை அணைக்கச் சொல்லி, வெள்ளைத் துணி மறைப்புக்குள்ளே சாமியைக் கொண்டுவந்து மிகோஷிக்குள் எழுந்தருளப் பண்ணிவிட்டார். அதுவரைக்கும் மரமும் தகடுமாக இருந்ததை ஒரு தும்மலுக்கும் பயப்படாமல் ஏறி இறங்கித் துடைத்தவர்கள், அதன் பிறகு பத்தடி தள்ளி நின்றே குனிந்து கும்பிட்டார்கள். சாமி உள்ளே இருக்கும்வரை அதற்கு மேலே ஒருத்தர் தலை வரக் கூடாது. ஏணி கூடாது. மாடியில் நின்று பார்ப்பதுகூடக் கூடாது. ஆணியின் தலையோ பறவையின் வாலுக்குக் கீழே, குழியின் விளிம்புக்கு உள்பக்கம் இருக்கிறது, தெருவில் நின்று எந்தப் பக்கம் எக்கினாலும் தெரியாது. மேலேயிருந்துதான் தெரியும். காலையில் சாமான் பெட்டியில் ஓர் ஆணி கிடந்ததைப் பார்த்தாளே? பார்த்தாள், ஆனால் பெட்டியில் எப்போதும் மாற்று ஆணி ஒன்று கிடக்கும். அது மாற்று ஆணியா, போடாமல் விட்ட ஆணியா? ஒன்று கிடந்ததா, இரண்டு கிடந்ததா? "சியேகோ சான்," என்றாள், பக்கத்தில் விசிறியோடு நடந்தவளிடம், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "நேத்து நான் பறவைக்கு ஆணி போட்டதைப் பார்த்தீங்களா?" சியேகோ சான் கண்கள் இடுங்கச் சிரித்தாள். "உரகு சான் போடாம இருப்பீங்களா? எவ்வளவு நறுவிசா வேலை செய்யுறவங்க நீங்க." லகரம் அந்த ஊர் நாக்கில் நிற்காது, உலகு உரகு ஆகிவிட்டாள், சான் மரியாதைக்கு. அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பார்த்தாளா என்றால் பார்த்தேன் என்றோ பார்க்கவில்லை என்றோ சொல்லக் கூடாதா இந்த மனுஷி? அவளைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. மனம் நோகாமல் பதில் சொல்லத்தான் அவளுக்குத் தெரியும்.

நிறுத்துங்கள், இறக்குங்கள் என்று கத்தலாம். கத்தினால் நடுத்தெருவில் சாமியை இறக்கி வைப்பார்கள், பூசாரியை அழைப்பார்கள், மந்திரம் சொல்லிச் சாமியை வெளியே எடுத்த பிறகுதான் ஒருவர் ஏணியில் ஏற முடியும். பேட்டையே வாய் பார்த்து நிற்கும். ஏறினவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கிறதே" என்பார். அந்த "இருக்கிறதே" அவளுக்கு இப்போதே காதில் கேட்டது. வெளியூர்க்காரியிடம் பறவையைக் கொடுக்கலாமா என்று சங்கக் கூட்டத்தில் இரண்டு பேர் முணுமுணுத்தபோது, எனக்கு முட்டி வலி, ஏணி ஏற முடியாது, அந்த அம்மாவுக்குக் கை சுத்தம் என்று மொரியாமா சான் அடித்துப் பேசி வாங்கிக் கொடுத்த வேலை இது. அவர் இப்போது ஊர்வலத்துக்கு முன்னால் கையில் இரண்டு கட்டைகளைத் தட்டிக்கொண்டு, தூக்குகிறவர்களைப் பார்த்தபடி பின்னடியாகவே நடந்து போகிறார். முகத்தில் ஈயாடவில்லை. வயசான மனுஷன், விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. அவர் முகத்தில் எப்படிக் கரி பூசுவது? அதுவும் எதை நம்பி? உலகம்மையின் சந்தேகத்தை நம்பியா? அந்தச் சந்தேகத்தின் யோக்கியதை ஊருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பவள் அவள். பார்த்துவிட்டு மறுபடி தெருமுனைக்குப் போய், பார்த்தோமே தவிர கவனித்தோமா என்று மறுபடி வருபவள். பூட்டை இழுத்துப் பார்த்து, இழுத்துப் பார்த்து உள்ளங்கை சிவந்தவள். ஊருக்குப் போகக் கிளம்பி விமான நிலையத்துக்குப் பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொல்லி, அந்தப் பயணமே கெட்டுப்போனது. ஒரு தடவையாவது அடுப்பு எரிந்துகொண்டிருந்ததா? ஒரு தடவையாவது பூட்டுத் திறந்து கிடந்ததா? இல்லை. எப்போதும் எல்லாம் சரியாகவே இருக்கும். அதுதான் அவளுக்குப் பயம். இத்தனை நாளும் பொய்யாய்ப் போனதால், ஒரு நாள் நிஜமாகவே விட்டுப்போனால் அதை நம்ப ஒருத்தரும் இருக்க மாட்டார்கள், அவளே இருக்க மாட்டாள். போன குளிர்காலத்தில் சிவசைலம் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் திரும்பிப் போய்ப் பார்க்க மாட்டேன் என்று சொல்லுட்டி என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் கெஞ்சினான். சரி என்று சொல்லிவிட்டாள்.

பாலத்துக்கு முன்னால் தோள் மாற்ற ஆட்கள் வெளியே வந்தார்கள். சிவசைலமும் வந்தான், நீலச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் முழுக்கப் பல். அவள் கோப்பையை நீட்டினாள். சுற்றிலும் எத்தனை பேர் நின்றாலும் தமிழில் பேசினால் தனியறையில் பேசுகிற மாதிரிதான், அந்த ஒரு வசதி இருந்தது.

"ஏங்க, கொஞ்ச நேரம் வெளியவே நில்லுங்களேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். தோளு வலிக்கும்லா."

அவன் கோப்பையைக் கீழே இறக்கி அவளை உற்றுப் பார்த்தான். "உன் மூஞ்சியே சொல்லுதே. என்னட்டி, அடுப்பா, பூட்டா?"

"அதெல்லாம் இல்ல. பறவைக்கு ஆணி போட்டேனான்னு ஞாபகம் வரமாட்டேங்கு."

"போட்டிருப்ப. நீயாவது போடாம விடதாவது."

"இல்லங்க, இந்தத் தடவை நெசமாவே தெரியல. கதிர முதல்ல கட்டிட்டேன், அதுல குழம்பிட்டு. விழுந்தா முன்னாலதான் விழும். நீங்க பின்கம்புக்காவது போங்க."

"ஒவ்வொரு தடவையும் நெசமாத்தான சொல்லுத." அவன் சிரித்தான். கேலியாகச் சிரிக்கவில்லை, பாவம், அவளுக்குத் தெம்பு வரட்டும் என்றுதான் சிரித்தான். "சரி, பாத்துக்கோ. நான் நேரா அதுக்குக் கீழயே போயி நிக்கேன். என் பொண்டாட்டி கட்டுனது விழாதுன்னு எனக்குத் தெரியும். நீ எனக்கு வாக்குக் குடுத்திருக்க, அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோ."

கோப்பையை அவள் கையில் திணித்துவிட்டுப் போய், முன்கம்பில் கூரையை ஒட்டிய முதல் ஆளாக, அதன் நிழல் விழுகிற இடத்தில் தோளைக் கொடுத்தான். திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தான். இந்த மனுஷனுக்கு விளையாட எப்போதும் இதுதான் நேரம். அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரம் வந்தது, அவனை எட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று வந்தது. கூஜாவைச் சியேகோ சான் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றாள். சியேகோ சான் காரணம் கேட்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டாள்.

மிகோஷி பாலத்தைக் கடந்து, கால்வாயோரத் தெருவைச் சுற்றி, அவர்கள் குடியிருப்பின் சமையலறைச் சன்னலுக்கு நேர் கீழே வரும். சந்துவழியாக ஓடினால் அதற்கு முன்னால் போய்விடலாம். ஓடினாள். இடுப்புவாரில் சொருகியிருந்த விசிறி விழுந்தது, எடுக்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்க மாட்டேன் என்று சொன்னது வீட்டுப் பூட்டுக்கும் அடுப்புக்கும்தானே, இதுவும் அதில் அடங்குமா? அடங்கும், எப்படி அடங்காமல் போகும், சும்மா தப்பிக்கப் பார்க்காதே. அதுவாவது புருஷனுக்குக் கொடுத்த வாக்கு. இது? போன வாரம் சங்கத்தில் அவளிடம் இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்கள். புதிதாகக் குடிவந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் விவரம் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய் மணியடித்து, சாமி போகும்போது மாடிச் சன்னலைச் சாத்தி வையுங்கள், மேலேயிருந்து பார்க்கக் கூடாது என்று அவள்தான் சொன்னாள். நேபாளத்துப் பையன் ஒருத்தன், "பார்த்தா என்ன ஆகும் அக்கா?" என்று கேட்டான். ஒன்றும் ஆகாது, மரியாதை, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் பிறந்த அம்பாசமுத்திரத்தில் சப்பரம் வரும்போது மொட்டை மாடியெல்லாம் தலைதான். அங்கேயிருந்து உதிரிப் பூவை அள்ளிப் போடுவார்கள், சாமி தலையில் விழுந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சின்ன வயதில் அவளும் போட்டிருக்கிறாள், கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்தத் தொங்கிக்கொண்டு. அங்கே மேலேயிருந்து பார்த்தது பக்தி என்றால் இங்கே மட்டும் எப்படிக் குற்றம்? சாமிக்குத் தெரியாதா? தெரியும், இரண்டும் தெரியும். ஆனால் அங்கே யாரும் பார்க்காதே என்று சொல்லவில்லை. சொன்ன பிறகு பார்ப்பது வேறு. அதுவும் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு. படிக்கட்டில் மூச்சு வாங்கியது. விழட்டும் என்று எப்படி விடுவது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், போடவில்லை என்று தெரிந்தால் இங்கேயிருந்தே கத்திவிடலாம், அப்போது சாமி குற்றமாவது ஒன்றாவது, அவன் தலை தப்பினால் போதும்.

சமையலறை இருட்டாக இருந்தது, காலையில் அவளே திரையை இழுத்து மூடிவிட்டுப் போயிருந்தாள். எதிர்க் கட்டடத்தில் மேல்தளங்களில் ஒரு சன்னல்கூடத் திறக்கவில்லை. துணி உலர்த்துகிற கம்பிகள்கூடக் காலியாக இருந்தன, சாமி தலைக்கு மேலே உள்ளாடை தொங்கக் கூடாதென்று எடுத்திருந்தார்கள். இத்தனை பேரும் அவரவர் வீட்டுக்குள்ளே பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பார்க்காமை அவளைச் சுற்றி நெருக்கியது. கட்டைச் சத்தம் கேட்டது. மணிகள். "வாஷோய், வாஷோய்." சிவசைலத்தின் குரலைத் தனியாகப் பிரித்தெடுக்க முயன்றாள், முடியவில்லை. திரையின் ஓரத்தைப் பிடித்தாள். மன்னிச்சுக்கோ என்றாள், எந்தச் சாமியிடம் சொன்னாளோ, தமிழில்தான் வந்தது. திரையை விலக்கினாள்.

கூரை அவளுக்குக் கீழே வந்துகொண்டிருந்தது. ஏணியில் நின்று துடைத்ததுதான், ஆனால் இப்போது வேறாக இருந்தது, சாமி உள்ளே இருக்கிற கூரை. கறுப்பரக்கில் வானம் தெரிந்தது. தங்கச் சுழிகள், நாலு மூலையிலிருந்தும் இறங்குகிற ஊதாக் கயிறுகள், அவை எல்லாம் ஒரே அளவாகத் தொய்ந்து நன்றாகவே இருந்தன, அதையும் அவள் கண் கவனிக்கத் தவறவில்லை. நடுவே பறவையின் முதுகு. குலுங்கியது, வால் துடித்தது, வால் மேலே போன நொடியில் அடியில் விளிம்புக்கு உள்ளே மஞ்சளாக ஒரு தலை. ஆணித் தலை. இருக்கிறது. போட்டிருக்கிறாள். சன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். இருக்கிறது, இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். அப்போதுதான் கட்டைச் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தாள். மிகோஷிக்கு முன்னால் பின்னடியாக நடந்து வந்த மொரியாமா சான், கைகளை உயர்த்தியபடியே அண்ணாந்து, நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரையை விட்டுவிட்டாள்.

இருட்டில் நின்றாள். ஊர்வலம் போகிற சத்தம் தேய்ந்தது. தேய்ந்த இடத்தில் அந்தச் சந்தேகம் மெல்ல எழுந்து உட்கார்ந்தது. மஞ்சளாக ஒரு தலை. சரி. ஆனால் குழி விளிம்பைச் சுற்றிலும் பித்தளைக் குமிழ்கள் பதித்திருக்கிறார்களே? அதுவும் மஞ்சள்தானே? பார்த்தது ஆணித் தலையா, குமிழா? வால் எத்தனை நேரம் மேலே இருந்தது, ஒரு கண்சிமிட்டு. இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம், அவர் பார்க்கவில்லை என்றால் பார்த்திருக்கலாம். உலகம்மை சுவரில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பாவத்தையும் செய்தாயிற்று, அதற்குப் பலனும் இல்லை. ஏணி போட்டு ஏறித் தொட்டுப் பார்த்தாலும் இறங்கின பிறகு, தொட்டேனா என்று கேட்கப் போகிற மனம் இது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? எங்கே கொண்டுபோய்ப் போட? கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போனாள், தண்டனை எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று.

அரிசிக் கடைக்கு முன்னாலுள்ள காலியிடத்தில் மிகோஷியை மர முக்காலிகளின் மேல் இறக்கி வைத்திருந்தார்கள். ஆண்களும் பெண்களும் தரையில் உட்கார்ந்து சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். சிவசைலம் யாருடனோ சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான், மண்டை முழுசாக. பறவை அதனிடத்தில் இருந்தது. மொரியாமா சான் அவளைப் பார்த்ததும் எழுந்து, கூட்டத்தை விட்டு விலகி, கடையோரத்து நிழலுக்கு வந்தார். அவள் போய் இடுப்பு மடிய வளைந்து நின்றாள்.

"மன்னிச்சிடுங்க. மேலேயிருந்து பார்த்துட்டேன்."

 நிமிரப் பயமாக இருந்தது. அவருடைய வெள்ளைக் காலுறையின் கட்டைவிரல் பிளவு மட்டும் தெரிந்தது, அது ஒரு அடி முன்னால் வந்தது. தலைக்கு அருகே, அரிசிக் கடைக்காரருக்குக்கூடக் கேட்காத குரலில் அவர் கேட்டார்.

"இருந்துச்சா?"

அவள் நிமிர்ந்தாள். அந்த முகத்தில் கோபமே இல்லை. அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது. பூட்டுக்கு முன்னால் நிற்கும்போது வீட்டுக் கண்ணாடியில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்.

"ஆணி," என்றார் அவர். "இருந்துச்சா?"

"உங்களுக்கு எப்படி..."

"வருஷா வருஷம் நான்தானே போட்டேன். தூக்கினதும் மறந்துபோயிடும். போட்டேனா, போடலையான்னு சாயங்காலம் இறக்குற வரைக்கும் வயித்துல ஒரு பருக்கை தங்காது. வீட்டுலகூடச் சொன்னதில்லை, சிரிப்பாங்க. முட்டி வலின்னு சொன்னது பொய். வேற யாராவது போட்டா இந்த ஒரு வருஷமாவது நிம்மதியா நடக்கலாம்னு பார்த்தேன்." உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "அடுத்தவங்க போட்டது இன்னும் மோசம்."

உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது. "இருந்துச்சு," என்றாள்.

அவர் கண்ணை மூடினார். தோள்கள் இறங்கின. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகத் தளர்வதை அவள் பார்த்தாள். எத்தனை நேரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும், ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அவர் கண்ணைத் திறந்தார்.

"நல்லாப் பார்த்தீங்களா?"

இந்தக் கேள்வியை அவள் வாழ்நாளெல்லாம் தன்னிடமே கேட்டிருக்கிறாள், வேறு யாரும் அவளிடம் கேட்டதில்லை. பித்தளைக் குமிழ்கள் ஞாபகம் வந்தன. வால் மேலே போன அந்தக் கண்சிமிட்டு நேரம் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததையெல்லாம் தன்னோடு வைத்துக்கொண்டு, அவருடைய கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"நல்லாப் பார்த்தேன். பளிச்சுன்னு தெரிஞ்சுது. நேரா, கடைசி வரைக்கும் உள்ள போயிருந்துச்சு."

மொரியாமா சான் இரண்டு தடவை தலையாட்டினார். பிறகு கூட்டத்துக்கு நடுவே போய், தட்டிலிருந்து ஒரு சோற்றுருண்டையை எடுத்து நின்றபடியே கடித்தார். அதை முழுசாக விழுங்கிவிட்டு இன்னொன்றை எடுத்தார். கட்டை தட்ட வேண்டிய நேரம் வந்தபோது இளையவர் ஒருவரிடம் கட்டைகளைக் கொடுத்து, நீயே தட்டு, நான் தின்று முடித்துவிட்டு வருகிறேன் என்று கையைக் காட்டினார். மிகோஷி மறுபடி தோளுக்கு ஏறியது, மணிகள் குலுங்கின, சிவசைலம் கூரை நிழலிலிருந்து அவளைத் தேடிப் பார்த்துச் சிரித்தான். மொரியாமா சான் வாய் நிறையச் சோற்றோடு, யாரிடமோ வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு, மேலே ஒரு தடவைகூடப் பார்க்காமல் நடந்தார். உலகம்மை பறவையை விட்டுக் கண்ணெடுக்காமல், அவருக்கும் சேர்த்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனாள்.